இடப்பள்ளியிலிருந்து பனி பார்க்கப் போன கதை

2024 ஜனவரியில் காஷ்மீர் போய்த் திரும்பிய மறுநாள், என் மகள் பக்கத்து ஃபிளாட் சேச்சியிடம் போய், "குல்மார்க்ல பனியே இல்ல ஆன்ட்டி" என்று சோகமாகச் சொல்லியிருக்கிறாள். சேச்சி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பனி இல்லெங்கில் நல்லதல்லே மோளே?" என்று கேட்டாராம். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நாம் பனி என்பதை இங்கே மஞ்ஞு என்பார்கள். பல வருடங்களாக இடப்பள்ளியில் குப்பை கொட்டுகிறோம், இன்னமும் இப்படித்தான் ஏதாவது ஒரு சொல் காலை வாரிவிடும்.

சேச்சிக்குச் சிரிப்பு. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்டோபரிலேயே கொச்சியிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகருக்கு விமான டிக்கெட் எடுத்து, கம்பளிக் கையுறை முதல் காதுமூடி வரை வாங்கி, மகளைப் பள்ளிக்கு லீவு போட வைத்து அழைத்துக்கொண்டு போனால், குல்மார்க்கில் பழுப்பு நிறத்தில் காய்ந்த புல்தரை! சறுக்கு வண்டி இழுப்பவர்களும் குதிரைக்காரர்களும் வேலையில்லாமல் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். பனிச்சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு விடும் கடைகளில் அவை அடுக்கியது அடுக்கியபடி நின்றன. கோண்டோலாவில் மேலே போனபோதும் திட்டுத் திட்டாகப் பழைய பனிதான்.

அங்கே வைத்து மகள் கேட்டாள்: "முன்னாடியே தெரியாதாப்பா?"

தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் உண்மை. டிசம்பர் கடைசியில் தங்கமணி சொன்னார், "கொஞ்சம் பணம் போனாலும் பரவாயில்லை, தேதியை மாற்றிக்கொள்ளலாமா, ஒருமுறை பாருங்கள்" என்று. நான் கைப்பேசியில் பதினைந்து நாள் வானிலையைத் திறந்தேன். நாங்கள் போகும் நாட்களில் அழகான பனித்துகள் படம் மூன்று இருந்தது. "கண்டிப்பா பெய்யும்" என்று சொல்லிவிட்டேன். கணினித் துறையில் இருபது வருடம் எண்களோடு மாரடித்தவன் நான். அந்தப் படத்துக்குப் பின்னால் என்ன எண் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஊர் திரும்பியதும் ஒரு ரோஷத்தில் படிக்க ஆரம்பித்தேன். இந்தியாவில் பனியைக் கணிக்க ஆரம்பித்தது எப்போது, யார், எதற்காக? பனிச்சறுக்குக்காக என்று நினைத்தேன். இல்லை. அந்தக் கதை எங்கள் ஊர்ப் பாட்டிமார்கள் சொன்ன ஒரு பஞ்சத்தில் போய் நின்றது.

எனக்குச் சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். இன்று கிருஷ்ணகிரி மாவட்டம், அந்தக் காலத்தில் சேலம் ஜில்லா. மானாவாரி பூமி. எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் ஒரு தட்டுச் சோறு மிச்சமானால் "தாது வருசத்துல இது கெடச்சிருந்தா" என்பார்கள். தாது வருடம் என்பது 1876-77. தென்னிந்தியாவில் மழை பொய்த்து, 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று.

பஞ்சத்துக்கு ஓராண்டு முன்னால், 1875இல்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியிருந்தது. அதன் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. புவியியல் ஆய்வுத் துறையில் வேலை செய்ய இந்தியாவுக்கு வந்தவர். பஞ்சம் முடிந்ததும் அரசாங்கம் அவரிடம் கேட்ட கேள்வியும் என் மகள் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்: முன்னாடியே தெரியாதா?

அன்று கணினி இல்லை, செயற்கைக்கோள் இல்லை. பிளான்ஃபோர்டு கையில் இருந்தவை மலைப்பகுதிகளிலிருந்து வரும் தகவல்கள். 1877 வசந்தத்தில் இமயமலையின் வடமேற்குப் பக்கம் வழக்கத்துக்கு மிஞ்சிய பனி. அடுத்து வந்த மழைக்காலம் பொய்த்தது. வேறு சில வருடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 1884இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இமயமலையில் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பனி அதிகம் என்றால் அந்த ஆண்டு பருவமழை குறையும் என்பதே அதன் சாரம். காரணம் எளிது. வெயில் வந்தாலும் பனி அதைத் திருப்பி அனுப்பிவிடும். மிச்சச் சூட்டை உருகுவதற்கே எடுத்துக்கொள்ளும். நிலம் சூடேறத் தாமதமாகும். நிலம் சூடாகாவிட்டால் கடற்காற்றை இழுக்கும் வலுவும் குறையும்.

1882 முதல் 1885 வரை சோதனையாகக் கணித்துப் பார்த்தார்கள். 1886 ஜூன் 4 அன்று முதல் நீண்டகால முன்னறிவிப்பு முறையாக வெளிவந்தது. ஆக, இந்தியாவின் முதல் மழை முன்னறிவிப்பே பனியைப் பார்த்துச் சொன்னதுதான். குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கியது 1927இல். அதற்கு நாற்பது வருடம் முன்பே இமயமலைப் பனியை அளந்து பார்க்க வேண்டிய தேவை வந்துவிட்டது. சறுக்கி விளையாட அல்ல, விதைப்பவன் வயிற்றுக்காக.

அந்தக் கணிப்பு பலித்ததா? சில வருடம் பலித்தது. பிளான்ஃபோர்டுக்குப் பிறகு வந்த ஜான் எலியட் பனியோடு வேறு பல அளவுகளையும் சேர்த்துக்கொண்டு விரிவான அறிக்கைகள் போட்டார். 1899க்கு நல்ல மழை என்று சொன்னார். வந்ததோ மேற்கிந்தியாவையும் நடு இந்தியாவையும் உலுக்கிய பெரும் வறட்சி. விக்ரம ஆண்டு 1956 என்பதால் ராஜஸ்தானில் அந்தப் பஞ்சத்துக்கு 'சப்பனியா', அதாவது ஐம்பத்தாறு, என்று பெயர். நாம் தாது என்று ஆண்டின் பெயரை வைத்ததைப் போலத்தான். பத்திரிகைகள் வானிலைத் துறையை வறுத்தெடுத்தன. அதன் பிறகு சில ஆண்டுகள் முன்னறிவிப்பைப் பொதுமக்களுக்குத் தராமல் அரசாங்கத்துக்குள்ளேயே ரகசியமாக வைத்துக்கொண்டார்கள்.

1904இல் பொறுப்புக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். இவருக்கு வானிலை பற்றி எதுவும் தெரியாது. கேம்பிரிட்ஜில் கணக்கில் முதலாவதாக வந்தவர். பூமராங் வீசுவதில் பைத்தியம். நமக்கு இவரைத் தெரிந்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. 1913 பிப்ரவரியில் இவர் சென்னைக்கு வந்தபோது துறைமுகக் கழக அலுவலகத்தில் ஒரு குமாஸ்தாவின் கணக்கு நோட்டுகளைக் காட்டினார்கள். பார்த்தவர், அந்த இளைஞருக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் கிடைத்தது. அந்தக் குமாஸ்தா சீனிவாச ராமானுஜன்.

வாக்கர் செய்த பெரிய வேலை, பனி என்ற ஒரே சாட்சியை நம்பாமல் பல சாட்சிகளைக் கூண்டில் ஏற்றியது. மே மாத இறுதியில் இமயமலையில் கிடக்கும் பனி, தென்னமெரிக்காவில் காற்றழுத்தம், மொரீஷியஸில் காற்றழுத்தம், சான்சிபாரில் மழை என்று ஒவ்வொன்றுக்கும் நம் மழைக்கும் எவ்வளவு ஒட்டுறவு என்று கணக்குப் போட்டார். இன்று எல் நினோ பற்றிப் பேசும்போது சொல்லப்படும் 'தென் அலைவு' என்ற விஷயத்தை உலகுக்குச் சொன்னவர் அவர்தான். இந்தியா முழுவதற்கும் ஒரே எண் சொல்வது சரிவராது என்று பிராந்தியமாகப் பிரித்ததும் அவர்தான். இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக் கதையில் அது மறுபடி வரும்.

பனிக்கும் மழைக்குமான உறவு பிறகு பலமுறை சேர்ந்தது, பிரிந்தது. கண்ணால் பார்த்து எழுதிய பனி அளவுகளை நம்ப முடியாது என்று கைவிட்டார்கள். செயற்கைக்கோள் படங்கள் வந்ததும் 1976இல் ஹானும் ஜகதீஷ் சுக்லாவும் ஐரோப்பா, ஆசியா முழுவதும் படர்ந்த பனிக்கும் நம் பருவமழைக்கும் எதிர்மறைத் தொடர்பு இருப்பதைக் காட்டினார்கள். 1988 முதல் வானிலைத் துறை பயன்படுத்திய பதினாறு அளவுகோல் முறையில் இமயமலைப் பனி, ஐரோப்பிய-ஆசியப் பனி இரண்டுமே இடம் பெற்றன. 2025 ஏப்ரலில் வந்த அறிக்கையிலும்கூட, குளிர்காலப் பனி இயல்பைவிடக் குறைவு, இது மழைக்குச் சாதகம் என்று ஒரு வரி இருந்தது. ஆனால் இன்று பனி ஒரு சாட்சி மட்டுமே. தீர்ப்பு அது சொல்வதில்லை.

சரி, குல்மார்க்குக்கு வருவோம். மழையைச் சொல்லப் பனியைப் பார்த்தார்கள். பனியைச் சொல்ல எதைப் பார்க்க வேண்டும்?

நம் மழை அரபிக் கடலிலிருந்தும் வங்கக் கடலிலிருந்தும் வருகிறது. காஷ்மீரின் பனி மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து, ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி, மேற்குக் காற்றோடு வரும் தாழ்வுநிலைகளால் கிடைக்கிறது. செய்திகளில் 'மேற்கத்திய இடையூறு' என்பார்கள். குளிர் மட்டும் இருந்தால் பனி பெய்யாது. இந்த இடையூறும் வர வேண்டும். நமக்குக் கத்திரி வெயில் மாதிரி, அங்கே டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் 'சில்லை கலான்', கடுங்குளிர்க் காலம். அந்த நாற்பது நாளில் விழும் பனிதான் இறுகி, கோடை வரை ஓடைகளுக்குத் தண்ணீர் கொடுக்கும். 2023-24இல் வலுவான இடையூறுகள் வரவேயில்லை. எல் நினோ ஆண்டு வேறு. டிசம்பரும் ஜனவரியின் பெரும்பகுதியும் வறண்டே போயின. எங்களை அழைத்துப்போன குதிரைக்காரப் பெரியவர், "உங்களுக்குப் போட்டோ போச்சு, எங்களுக்குத் தண்ணியும் போச்சு" என்ற பொருளில் இந்தியில் சொன்னார். நான் என் விடுமுறையை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நான் படித்ததில் புரிந்துகொண்டதை, பிள்ளைகளோடு பனி பார்க்கக் கிளம்பும் குடும்பங்களுக்காக எழுதிவைக்கிறேன். குல்மார்க், ஔலி என்றில்லை, சுவிட்சர்லாந்துக்கும் கனடாவுக்கும் இதே கணக்குதான்.

முதல் கேள்வி: எந்த உயரத்துக்கு? குல்மார்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. 1998இல் திறந்த கோண்டோலாவின் முதல் கட்டம் கோங்டூரி வரை போகும். 2005இல் திறந்த இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் தோராயமாக ஆறரை டிகிரி குறையும். ஆக மேலுக்கும் கீழுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம். ஒரே மேகம் கீழே மழையாகவும் மேலே பனியாகவும் கொட்டலாம். கைப்பேசி நிரலோ பல கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரே உயரம் என்று எடுத்துக்கொண்டு ஒரு படம் காட்டும். அடிவாரம், உச்சி இரண்டையும் தனித்தனியே சொல்லும் அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எத்தனை நாள் கழித்து? மூன்று நாளுக்குள் என்றால் நம்பிக் காரியம் செய்யலாம். ஏழு நாள் என்றால் போக்கு தெரியும். பன்னிரண்டாம் நாளில் தெரியும் பனித்துகள் படம் கிளி ஜோசியம் மாதிரி. நான் பார்த்த படம் அதுதான். அந்தப் படத்தைத் தொட்டுப் பார்த்திருந்தால், எவ்வளவு வாய்ப்பு, எத்தனை மில்லிமீட்டர் என்பது தெரிந்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் தண்ணீருக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் பனி. குளிர் அதிகமானால் இன்னும் பஞ்சு மாதிரி, சற்றுக் கூடுதலாக. அரை மில்லிமீட்டருக்கும் படம் அதே படம்தான்!

மூன்றாவது கேள்வி: பெய்த பனி எப்படிக் கிடக்கிறது? இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. நாங்கள் திரும்பி வந்த பிறகு ஜனவரி இறுதியில் பனி ஆரம்பித்து, பிப்ரவரி மூன்றாம் வாரம் கொட்டித் தீர்த்தது. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அங்கே தொடங்கின. டிவியில் வெள்ளை வெளேரென்ற குல்மார்க்கைப் பார்த்து மகள் என்னை முறைத்தாள். அடுத்த நாள், பிப்ரவரி 22, அதே அஃபர்வட் மலையில் பனிச்சரிவு. சறுக்கிக்கொண்டிருந்த ரஷ்யக்காரர் ஒருவர் இறந்துபோனார். மற்றவர்களை மீட்டார்கள். வறண்ட குளிர்காலத்தில் கிடக்கும் கொஞ்சப் பனி சர்க்கரை மாதிரி பிடிப்பில்லாமல் போய்விடும் என்கிறார்கள். அதன் மேல் ஒரேயடியாகப் புதுப்பனி ஏறினால், மணல் மேல் அடுக்கிய பலகை மாதிரி நழுவக் காத்திருக்கும். பனி அதிகம் என்பதும் பனி நன்றாக இருக்கிறது என்பதும் வேறு வேறு. 2010 பிப்ரவரி 8 அன்று குல்மார்க் அருகே கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். மலையிலேயே வாழ்ந்து பழகிப் பயிற்சி எடுத்தவர்களுக்கே அந்த நிலை.

இந்தியாவில் பனிச்சரிவை ஆராய 1969இல் மணாலியில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். எல்லைக்குப் போகும் ராணுவச் சாலைகளுக்காக ஆரம்பித்தது. 2020இல் அது இன்னொரு ஆய்வகத்தோடு இணைந்து, பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆய்வு நிறுவனம் என்ற பெயரில் சண்டிகரிலிருந்து இயங்குகிறது. குளிர்காலத்தில் மாவட்டவாரியாக, உயரவாரியாக, நிறம் போட்டு எச்சரிக்கை வெளியிடுகிறார்கள். பயணம் போகிறவர்கள் ஹோட்டல் விமர்சனத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு அதற்குச் செலவழித்தால் போதும்.

இப்போது என் வீட்டுக் கதை. 2002ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பருவமழை சராசரியில் 101 சதவீதம் என்று முன்னறிவிப்பு வந்திருந்தது. பேப்பரில் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டேன். "அப்பா, இந்த வருசம் மழ நல்லா இருக்காம். நூத்துக்கு நூத்தி ஒண்ணு" என்றேன். படித்த பிள்ளை சொல்கிறான் என்று அப்பா கடன் வாங்கி, இருந்த நிலம் முழுக்க நிலக்கடலை விதைத்தார். அந்த ஜூலையில் நாடு முழுவதும் மழை காணாமல் போனது. கடைசியில் தேறியது 81 சதவீதம். எங்கள் கொல்லையில் அந்த அளவுகூட இல்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

வானிலைத் துறை அடுத்த ஆண்டே புது முறைக்கு மாறியது. என் தவறு வேறு. அந்த 101 என்பது இந்தியா முழுமைக்கும் நான்கு மாதத்துக்கும் சேர்த்து ஒரே எண். வாக்கர் நூறு வருடம் முன்பே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று புரிந்துகொண்ட விஷயம். நாட்டுக்கான எண்ணை எங்கள் வயலுக்கான எண்ணாகப் படித்துச் சொன்னவன் நான். பல வருடம் கழித்து, ஒரு மலைத்தொடருக்கான படத்தை என் மகளின் ஒரு நாளுக்கான வாக்குறுதியாகப் படித்தவனும் நான்தான். ரமணன் சார் டிவியில் "ஓரிரு இடங்களில்" என்று சொல்லும்போதெல்லாம் கிண்டல் செய்திருக்கிறோம், இல்லையா? அந்தச் சொல்லுக்கு ஓர் அளவு உண்டு. கணக்கில் வரும் இடங்களில் கால்பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் மழை என்று பொருள். மீதி முக்கால்பங்கில் நம் கொல்லை இருக்கலாம். அவர் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார்.

2025இல் மே 27 வாக்கில், நான்கு நாள் முன்பின்னாகப் பருவமழை தொடங்கும் என்றார்கள். மே 24 அன்றே தொடங்கிவிட்டது. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. கேரளாவில் பருவமழை தொடங்கிவிட்டதா என்று முடிவு செய்யப் பார்க்கும் பதினான்கு இடங்களில் கொச்சியும் ஒன்று. அவற்றில் அறுபது சதவீத இடங்களில் தொடர்ந்து இரண்டு நாள் இரண்டரை மில்லிமீட்டராவது பெய்ய வேண்டும், காற்றும் மேகமும் ஒத்துவர வேண்டும். அன்று மாலை சங்ஙம்புழா பார்க் மெட்ரோ நிலையத்திலிருந்து நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வழக்கம்போல் அப்பாவிடமிருந்து போன்.

"என்னாப்பா, அங்க மழ புடிச்சிக்கிச்சா?"

"புடிச்சிக்கிச்சிப்பா. ஆனா அது இங்க. நம்ம ஊருக்கு அத வெச்சிச் சொல்ல முடியாது. செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியா அஞ்சு நாளுக்கு விவசாயிங்களுக்குன்னு அறிக்கை வரும். நான் பாத்துச் சொல்றேன். அதுவும் உறுதியில்ல. ஆடியில ஒரேயடியா வெதைக்காம பாதி பாதியா வெதைங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இத சொல்றதுக்கு ஒனக்கு இத்தினி வருசம் ஆச்சா?" என்றார் அப்பா. அப்புறம், "பாப்பாவுக்கு பனி காட்டுனியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. அடுத்த தடவ பிப்ரவரியில போலாம்னு இருக்கோம். கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னால பாத்துட்டு."

"ம்... அதான் சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.